ஒரு பழைய நீர்மூழ்கித் தளபதியின் வாழ்க்கையைத் தேடிப் படிப்பது எப்படி? மேக்ஸ் ஹார்ட்டனை வைத்து ஒரு பயிற்சி

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் மெட்ராஸ் கரைக்கு வெளியே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றைக்கும் நம் பேச்சில் அந்தக் கப்பல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே நாள் காலையில் வட கடலில் நடந்ததுதான் நம்மில் பலருக்குத் தெரியாது. யூ-9 என்ற சின்ன ஜெர்மன் நீர்மூழ்கி, ஓட்டோ வெடிகன் என்பவரின் தலைமையில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பிரிட்டிஷ் குரூஸர்களை (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்களை) மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, செப்டம்பர் 13 அன்று, ஹெலிகோலாண்ட் தீவுக்குப் பக்கத்தில் பிரிட்டனின் இ-9 நீர்மூழ்கி ஹேலா என்ற ஜெர்மன் குரூஸரை டார்பிடோவால் (நீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டால்) அடித்து மூழ்கடித்திருந்தது. பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று எதிரிப் போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை. இ-9-இன் தளபதி மேக்ஸ் ஹார்ட்டன். அப்போது அவருக்கு வயது 30.

நீர்மூழ்கி என்ற கருவியே புதிதாக இருந்த காலத்துத் தளபதி ஒருவரின் வாழ்க்கையைப் படிக்கவேண்டும், எழுதவேண்டும் என்ற ஆசை உங்களுக்கு வந்திருந்தால் எங்கே தொடங்குவது, எதை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். ஹார்ட்டனை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் எஞ்சின் படகில் தொடங்கி, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் படையின் தலைவராக முடிந்த வாழ்க்கை அது. வழியில் ஒரு புதியவர் தடுக்கி விழக்கூடிய எல்லாப் பள்ளங்களும் அதில் இருக்கின்றன.

முதல் படி: தேதிகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

சாகசக் கதைகளைப் பிறகு படிக்கலாம். முதலில் எலும்புக்கூடு வேண்டும். ஹார்ட்டனுக்கு அது கிட்டத்தட்ட இப்படி வரும். 1883 நவம்பர் 29: வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் ரோஸ்நைகர் என்ற ஊரில் பிறப்பு. 1898: பிரிட்டானியா பயிற்சிக் கப்பலில் சேர்கிறார். 20 வயதைத் தாண்டியதும் நீர்மூழ்கிப் பிரிவு. பிறகு ஏ-1, சி-8, டி-6, இ-9 என்று வரிசையாகப் படகுகள். 1914 கடைசியிலிருந்து 1915 கடைசி வரை பால்டிக் கடல். போருக்குப் பின் மேலே மேலே பதவிகள். 1932-இல் ரியர் அட்மிரல். 1940 ஜனவரி: நீர்மூழ்கிப் படை முழுவதற்கும் தலைவர். 1942 நவம்பர்: லிவர்பூலில் மேற்கு அணுகுபாதைகளின் (அட்லாண்டிக்கிலிருந்து பிரிட்டனுக்கு வரும் கடல்வழிகளின்) தலைமைத் தளபதி. 1945-இல் ஓய்வு. 1951 ஜூலை 30: மரணம்.

இந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டிவையுங்கள். இதில் எந்தத் தேதியோடு மோதும் கதை வந்தாலும் அங்கேயே நின்று விசாரிக்கவேண்டும்.

தேதிகளை எங்கே எடுப்பது? பிரிட்டிஷ் அதிகாரி என்றால் மூன்று இடங்கள் போதும். ஒன்று, கடற்படைப் பட்டியல் என்ற அரசு வெளியீடு. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இரண்டாவது, லண்டன் கெசட் என்ற அரசிதழ். பதக்கமும் பதவி உயர்வும் அதில் வரும், அதுவும் இலவசம். மூன்றாவது, லண்டனுக்குப் பக்கத்தில் க்யூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். அங்கே ஏடிஎம் 196 என்ற வரிசையில் அதிகாரிகளின் பணிப்பதிவுகள், ஏடிஎம் 173-இல் நீர்மூழ்கிகளின் லாக் (பயணக் குறிப்பு) புத்தகங்கள், ஏடிஎம் 137-இல் முதல் உலகப்போர் நடவடிக்கை அறிக்கைகள். இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பழைய பட்டியலைப் புரட்டும்போது இரண்டு விஷயங்கள் குழப்பும். நீர்மூழ்கி அதிகாரிகளின் பெயர் பல சமயம் படகின் பெயருக்குக் கீழே இருக்காது. படகுகளைப் பராமரிக்கும் தாய்க்கப்பலின் பெயருக்குக் கீழே இருக்கும். இ-9-ஐத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மெய்ட்ஸ்டோன் என்று தேடிப் பாருங்கள். ஹாரிச் துறைமுகத்தில் நின்ற அந்தத் தாய்க்கப்பலைச் சார்ந்துதான் அந்தப் படகுகள் இயங்கின. அடுத்தது, லெப்டினன்ட் கமாண்டர் என்ற பதவிப் பெயர் 1914 மார்ச்சில்தான் முறையாக வந்தது. அதற்கு முன் மூத்த லெப்டினன்டும் வெறும் லெப்டினன்ட்தான். 1913-இல் லெப்டினன்ட், 1914-இல் லெப்டினன்ட் கமாண்டர் என்று பார்த்ததும் ஏதோ சாதனைக்காகக் கிடைத்த உயர்வு என்று எழுதிவிடாதீர்கள்.

இ-9, யூ-9 இரண்டையும் ஒன்றாக்கிவிடும் தவறும் நிறையவே நடக்கிறது. ஒன்று பிரிட்டிஷ், மற்றது ஜெர்மன். 1914 செப்டம்பர் மாதத்துச் செய்திகளில் இரண்டுமே அடுத்தடுத்து வரும்.

இரண்டாம் படி: மனிதருக்கு முன்னால் படகைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் தாண்டிப் போய், பல மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். தளபதி எடுத்த முடிவு சரியா தவறா, துணிச்சலா அசட்டுத்தனமா என்பது அவர் கையில் இருந்த இயந்திரம் என்ன செய்யும் என்று தெரியாமல் விளங்காது.

பிரிட்டனின் முதல் நீர்மூழ்கி ஹாலண்ட்-1, 1901 அக்டோபரில் பாரோ என்ற ஊரில் தண்ணீரில் இறக்கப்பட்டது. அந்த ஆரம்பப் படகுகளில், தண்ணீருக்கு மேலே பார்க்க உதவும் குழாயான பெரிஸ்கோப்பை முன்பக்கம் திருப்பினால் பிம்பம் நேராகத் தெரியும். பக்கவாட்டில் திருப்பினால் சாய்ந்து கிடக்கும். பின்னால் திருப்பினால் தலைகீழாகத் தெரியும். எஞ்சின் பெட்ரோலில் ஓடியது. மூடிய இரும்புக் குழாய்க்குள் பெட்ரோல் ஆவி நிறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மயக்கம் வரும், ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். காற்று கெடுகிறதா என்று அறிய வெள்ளை எலிகளைக் கூண்டில் வைத்துக்கொண்டு போனார்கள்.

ஹார்ட்டனின் முதல் படகான ஏ-1-க்கும் ஒரு முன்கதை உண்டு. 1904 மார்ச் 18 அன்று பெர்விக் காஸில் என்ற பயணிகள் கப்பல் அதன் மேல் ஏறி, உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள். படகைத் தூக்கிச் செப்பனிட்டு மறுபடி ஓட்டினார்கள். அதைத்தான் இளைஞர் ஹார்ட்டனிடம் கொடுத்தார்கள். 11 பேர் செத்த குழாய்க்குள் இறங்கி வேலை பழகியவர் அவர். அவருடைய குணத்தைப் பற்றி எதை எழுதுவதற்கு முன்னாலும் இதை நினைவில் வையுங்கள்.

இ-9 வருவதற்குள் நிலைமை மாறிவிட்டது. டி வகுப்பிலிருந்து டீசல் எஞ்சின் வந்தது. இ வகுப்புப் படகு சுமார் 55 மீட்டர் நீளம், மேற்பரப்பில் மிதக்கும்போது 660 டன் அளவு, உள்ளே 30 பேர். மேலே டீசலில் 15 நாட் வேகம் போகும். அடியில் பேட்டரியில் 10 நாட் வரை போகலாம், ஆனால் ஒரு மணி நேரம்போல அப்படிப் போனால் மின்சாரம் தீர்ந்துவிடும். 5 நாட் வேகத்தில் மெல்லப் போனால் 65 கடல்மைல் வரை தாங்கும். நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். அதாவது அடியில் இருக்கும்போது சைக்கிளில் போகிறவனை விட மெதுவாகத்தான் ஹார்ட்டனால் நகர முடிந்தது. 20 நாட் போகும் போர்க்கப்பலைத் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். அது எங்கே வரும் என்று கணித்து, முன்கூட்டியே அந்த இடத்தில் காத்திருப்பது ஒன்றுதான் வழி. அக்காலத் தளபதியின் திறமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, எங்கே போய்ப் படுத்திருப்பது என்ற தீர்மானம்தான்.

இ-9-இல் 18 அங்குல டார்பிடோக் குழாய்கள் ஐந்து: முன்னால் இரண்டு, இரு பக்கமும் ஒவ்வொன்று, பின்னால் ஒன்று. டார்பிடோ வெளியே போனதும் முன்பக்கம் எடை குறைந்து மூக்கு மேலே தூக்கும். தண்ணீரைச் சட்டென்று உள்ளே விட்டுச் சரிக்கட்டாவிட்டால் படகு எதிரியின் கண்ணுக்கு முன்னால் தலையை நீட்டிவிடும். அறிக்கைகளில் ‘டிரிம்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். இந்தச் சமநிலைதான் அங்கே உயிர்.

வாய்ப்புக் கிடைத்தால் இங்கிலாந்தில் கோஸ்போர்ட்டில் இருக்கும் நீர்மூழ்கி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். கடலடியிலிருந்து 1982-இல் எடுத்த ஹாலண்ட்-1 அங்கே இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தாலே நான் மேலே எழுதியது முழுக்கப் புரிந்துவிடும்.

மூன்றாம் படி: ரோந்து அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள்

அந்த எழுத்து சுருக்கமாக இருக்கும். நேரம், திசை, ஆழம், என்ன பார்த்தோம், என்ன செய்தோம், அவ்வளவுதான். சில அளவுகள் கையில் இருந்தால் போதும். ஆழத்துக்கு அவர்கள் எழுதும் ஃபேதம் என்பது நம் மீனவர்கள் சொல்லும் ‘பாகம்’தான், இரு கைகளையும் விரித்த நீளம், ஆறு அடி. கேபிள் என்பது கடல்மைலில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 185 மீட்டர். திசையை ‘பாயின்ட்’ என்று சொன்னால் ஒரு பாயின்ட்டுக்கு பதினொன்றேகால் டிகிரி. ஹேலாவை ஹார்ட்டன் சுட்டது 600 கஜத்தில் என்று படிக்கும்போது, அது சுமார் மூன்று கேபிள், ஏறக்குறைய 550 மீட்டர் என்று மனசுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தெருக்கோடி தூரம். அந்த நெருக்கத்தில் பெரிஸ்கோப்பைத் தூக்கினால் எதிரிக் கப்பலில் நிற்பவன் அதைப் பார்க்க முடியும். அதனால் சில நொடிகள் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்குவார்கள். பார்க்கிறவர் தளபதி ஒருவர்தான். மற்ற எல்லோரும் அவர் சொல்வதைக் கேட்டுத் திருப்பும், அழுத்தும், திறக்கும் கைகள்.

நேரத்தில் கவனம் தேவை. பிரிட்டிஷ் லாக் பெரும்பாலும் கிரீன்விச் நேரம், ஜெர்மன் பதிவு ஒரு மணி நேரம் முன்னால். கோடை நேரம் என்ற ஏற்பாடு 1916-இல்தான் இரு நாடுகளுக்கும் வந்தது. 1914, 1915 சம்பவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரிட்டனின் நேச நாடான ரஷ்யாவோடு சேர்ந்த பகுதி வந்தால் தேதியே மாறும். அப்போது ரஷ்யாவில் பழைய நாட்காட்டி, 13 நாள் பின்னால். ரஷ்ய ஆவணத்தில் 1915 ஜூன் 19 என்று இருந்தால் நமக்கு அது ஜூலை 2. இதைத் தெரியாமல் ஒரே சம்பவத்தை இரண்டாக எண்ணினவர்கள் இருக்கிறார்கள்.

ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். ரெவால் என்றால் இன்றைய தாலின். லிபாவ் என்றால் லாட்வியாவின் லியபாயா. டான்சிக் என்றால் போலந்தின் க்தான்ஸ்க். ஹெல்சிங்ஃபோர்ஸ் என்றால் ஹெல்சின்கி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதற்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கடல் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு படியுங்கள்

நிலப்படம் போதாது, ஆழம் குறித்த கடல்படம் வேண்டும். ஏன் என்பதற்கு ஹார்ட்டன் பால்டிக்குப் போன கதையே போதும்.

1914 அக்டோபரில் மூன்று படகுகளை பால்டிக்குள் அனுப்பினார்கள்: லாரன்ஸின் இ-1, ஹார்ட்டனின் இ-9, நாஸ்மித்தின் இ-11. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் இருக்கும் ஓரசுண்ட் நீரிணை வழியாகத்தான் போகவேண்டும். அதன் தெற்குப் பகுதியில் ஆழத்தைப் பாருங்கள்: எட்டு மீட்டரைச் சுற்றியே எண்கள் நிற்கும். நீர்மூழ்கி முழுசாக மறையக்கூட அங்கே தண்ணீர் இல்லை. இருட்டில், மேற்பரப்பில், நடுநிலை நாட்டுக் கப்பல்களுக்கும் ஜெர்மன் ரோந்துக்கும் நடுவே நழுவித்தான் போகமுடியும். வரைபடம் இல்லாமல் படித்தால் ‘நீரிணையைக் கடந்தார்’ என்ற ஒரு வரி. வரைபடத்தோடு படித்தால் அந்த இரவு நமக்குத் தெரியும்.

இ-1-ம் இ-9-ம் கடந்துவிட்டன. நாஸ்மித்தால் முடியவில்லை. வழியில் ஹாவ்மாண்டன் என்ற டென்மார்க் நீர்மூழ்கியை ஜெர்மன் என்று நினைத்து டார்பிடோ விட்டார். அது படாமல் போனது. பிறகு நாள்கணக்கில் ரோந்துப் படகுகள் துரத்த, அவர் திரும்பிவிட்டார். நாஸ்மித்தைத் திறமை குறைந்தவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அதே மனிதர் அதே படகோடு துருக்கியின் மர்மரா கடலுக்குள் புகுந்து, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கினார். ஒரு ரோந்தை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

லிபாவ் துறைமுகத்தை அடைந்தபோது, தாங்கள் ஜெர்மன் கண்ணிவெடிப் பரப்பைத் தாண்டி வந்திருக்கிறோம் என்று ரஷ்யர்கள் சொல்லித்தான் லாரன்ஸுக்குத் தெரிந்தது. அப்புறம் குளிர்காலம். துறைமுகத்தை விட்டு வெளியே வரப் பனி உடைக்கும் கப்பல் முன்னால் போகவேண்டியிருந்தது. மேல்தட்டில் தெறிக்கும் நீர் அப்படியே உறைந்து பாறையாகும். படகை அடியில் இறக்கினால், காற்றைவிட வெதுவெதுப்பான கடல்நீர் அந்தப் பனியைக் கரைத்துவிடும். மூழ்குவதே அவர்களுக்கு ஒரு வைத்தியம் ஆனது.

ஐந்தாம் படி: மூழ்கடித்தேன் என்றால், எதிர்த்தரப்பின் கணக்கையும் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள். மூழ்கிய ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு பதிவுகள் உண்டு: சுட்டவர் பதிவு, அடிபட்டவர் பதிவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதவரை சம்பவம் உறுதி ஆகாது. நோட்டில் மூன்று பத்தி (நெடுவரிசை) கோடு போடுங்கள். முதலாவதில் தளபதி சொன்னது, இரண்டாவதில் எதிரி சொன்னது, மூன்றாவதில் உங்கள் முடிவு.

ஹேலாவில் சிக்கல் இல்லை. இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. 1895-இல் தண்ணீரில் இறங்கிய பழைய, சின்னக் கப்பல் அது. மாலுமிகளில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள். முதல் வெற்றி என்பதால் பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் ஜெர்மனிக்கு இழப்பின் கனம் எவ்வளவு என்று கேட்டால், கப்பலை விடவும் அது தந்த அச்சம்தான் பெரிது. இந்த வித்தியாசம் இரண்டாவது பத்தியை நிரப்பினால்தான் தெரியும்.

அடுத்தது அக்டோபர் 6. எம்ஸ் நதி முகத்துக்கு வெளியே ஹார்ட்டன் டெஸ்ட்ராயர் என்ற சின்ன, வேகமான போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தார். அவருடைய மேலதிகாரி கமடோர் ரோஜர் கீஸ் எழுதி கெசட்டில் வந்த அறிக்கையில் அதன் பெயர் எஸ்-126. ஜெர்மன் பதிவின்படி அன்று போனது எஸ்-116. கெசட் அரசாங்க ஏடு, தவறு இருக்காது என்று நம்பி எழுதினவர்கள் பிழையைப் பல பத்தாண்டுகள் சுமந்தார்கள். இதில் ஹார்ட்டன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிஸ்கோப்பில் சில நொடிகள் தெரிகிற உருவத்தில் எண்ணை யார் எழுத்துக்கூட்டிப் படிக்கமுடியும்?

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. 1915 ஜூலை 2, டான்சிக் வளைகுடாவுக்கு அருகே இ-9 ஒரு பெரிய கப்பலை டார்பிடோவால் அடித்தது. ஜெர்மனியின் பொம்மர்ன் என்ற போர்க்கப்பல் மூழ்கியது என்று ரஷ்யத் தரப்பு அறிவித்தது. உலகமே அதை நம்பியது. ஆனால் அடிபட்டது பிரின்ஸ் அடால்பர்ட் என்ற கவசக் குரூஸர். இரண்டுக்குமே மூன்று புகைபோக்கிகள். தூரத்திலிருந்து பார்த்தால் குழம்பத்தான் செய்யும். அடால்பர்ட் மூழ்கவும் இல்லை. உள்ளே ஏராளமாகத் தண்ணீர் புகுந்த நிலையில் தட்டுத்தடுமாறித் துறைமுகம் சேர்ந்தது. பொம்மர்ன் கப்பலோ அதன்பின் பதினோரு மாதம் கடலில் இருந்தது. 1916 ஜூன் 1 அதிகாலை, பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாண்ட் போரின் கடைசிக் கட்டத்தில்தான், உள்ளே இருந்த அத்தனை பேரோடும் அது வெடித்து மூழ்கியது.

அடால்பர்ட்டின் கதை இங்கே முடியவில்லை. பழுது பார்த்து அனுப்பிய அதே கப்பலை 1915 அக்டோபர் 23 அன்று குட்ஹார்ட்டின் இ-8 நீர்மூழ்கி அடித்தது. வெடிமருந்து அறை வெடித்து 672 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மூன்றே பேர். சில புத்தகங்களில் அடால்பர்ட்டை ஹார்ட்டன் மூழ்கடித்ததாக வரும். இரண்டு தாக்குதல்களையும் ஒன்றாகக் குழைத்ததன் விளைவு அது.

ஜெர்மன் கடற்படையின் போர் நாட்குறிப்புகள் ஃப்ரைபர்க் நகரில் இருக்கும் ராணுவக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜெர்மன் தெரியாதவர்களுக்குக் கடினம்தான். ஆனால் தேதி, கப்பல் பெயர், ஆழம், நேரம் ஆகியவற்றைப் பொறுக்கி எடுக்க மொழி அதிகம் வேண்டாம். ஒரு அகராதியும் பொறுமையும் போதும். தமிழில் எழுதும் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இந்தப் போரில் எந்தப் பக்கத்துப் பெருமையையும் காப்பாற்றவேண்டிய கடமை நமக்கு இல்லை. இரண்டு பத்திகளையும் ஒரே கண்ணால் பார்க்கலாம்.

சரக்குக் கப்பல்களின் இழப்பையும் விட்டுவிடாதீர்கள். 1915 அக்டோபரில் ஹார்ட்டனும் இ-19 தளபதி குரோமியும் ஸ்வீடன் இரும்புத்தாதுப் போக்குவரத்தைத் தாக்கினார்கள். பல கப்பல்களில் முதலில் மாலுமிகளைப் படகில் இறங்கச் சொல்லிவிட்டு, பிறகுதான் கப்பலை மூழ்கடித்தார்கள். போர்க்கப்பலைச் சாய்த்ததை விட இந்தத் தாக்குதல்கள்தான் ஜெர்மனியின் வணிகத்தை உறுத்தின என்பது என் கருத்து. ஆனாலும் புத்தகங்களில் இதற்குக் கிடைப்பது அரைப் பக்கம்.

ஆறாம் படி: கதைகளைத் தனியே கட்டிவையுங்கள்

ஹேலாவை மூழ்கடித்துவிட்டு ஹாரிச் திரும்பும்போது ஹார்ட்டன் மண்டையோட்டுக் கொடியை ஏற்றிக்கொண்டு வந்தார். நீர்மூழ்கி கேவலமான ஆயுதம், அதன் மாலுமிகளைக் கடற்கொள்ளையர்களாகத் தூக்கில் போடவேண்டும் என்று அட்மிரல் ஆர்தர் வில்சன் சொன்னதற்கு அது பதில் என்பார்கள். கொடி உண்மை, அந்த வழக்கம் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளில் நிலைத்துவிட்டது. 1982-இல் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பலை மூழ்கடித்த கான்கரர் நீர்மூழ்கியும் அதே கொடியோடுதான் ஊர் திரும்பியது. ஆனால் வில்சன் சொன்னதாக வரும் வாசகம் நூலுக்கு நூல் மாறுகிறது. அதனால் அதை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். கருத்தை மட்டும் சொல்லுங்கள்.

பால்டிக் கடலை ஜெர்மானியர்கள் ‘ஹார்ட்டன் கடல்’ என்று அழைத்தார்கள் என்ற கதையும் அப்படித்தான். கேட்க அழகாக இருக்கிறது. ஜெர்மன் மாலுமி ஒருவரின் கையெழுத்தில் அதை நீங்களே பார்க்கும்வரை ‘பிரிட்டிஷ் நூல்கள் இப்படிச் சொல்கின்றன’ என்று எழுதினால் போதும்.

ஏழாம் படி: ரகசிய மதிப்பீட்டையும் படியுங்கள், பதக்கத்தையும் படியுங்கள்

மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதும் மதிப்பீடுகள் பணிப்பதிவில் சுருக்கமாக இருக்கும். இளம் ஹார்ட்டனைப் பற்றிய குறிப்புகளில் இரண்டு விஷயம் சேர்ந்தே வரும்: படகை ஓட்டுவதில் கெட்டிக்காரர், கப்பலில் அதிகாரிகள் கூடும் கூடத்தில் அடங்காதவர். குத்துச்சண்டை, மோட்டார் சைக்கிள், சீட்டாட்டம், முரட்டுப் பேச்சு. ரஷ்யர்கள் அவரையே பால்டிக்கின் மூத்த அதிகாரியாக வைத்துக்கொள்ள விரும்பியபோது லண்டன் ஒத்துக்கொள்ளவில்லை. ராஜதந்திர வேலைக்கு இவர் சரிப்படமாட்டார் என்று நினைத்தார்கள்.

பதக்கங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவர் வாங்கிய முதல் பதக்கம் போருக்காக அல்ல. 1911 டிசம்பரில் மொராக்கோ கரையில் டெல்லி என்ற பயணிகள் கப்பல் தரைதட்டியபோது ஆட்களைக் காப்பாற்றியதற்காகக் கிடைத்தது அது. மூழ்கடிப்பவராகப் பெயர் எடுத்தவரின் நெஞ்சில் முதலில் ஏறியது உயிர் காத்த பதக்கம்.

எட்டாம் படி: பிற்கால வாழ்க்கையை விட்டுவிடாதீர்கள்

1915-உடன் நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள் பல. அது பாதி மனிதர்தான். 1940-இல் நீர்மூழ்கிப் படைத் தலைவராக இருந்தபோது, ஜெர்மனி நார்வேக்குள் நுழையப்போகிறது என்று ஊகித்து ஏப்ரல் தொடக்கத்திலேயே படகுகளை அந்தக் கடலில் நிறுத்திவைத்தார். ஏப்ரல் 9 அன்று ட்ரூவன்ட் நீர்மூழ்கி கார்ல்ஸ்ரூஹே குரூஸரை மூழ்கடித்தது. எங்கே போய்க் காத்திருப்பது என்ற அதே பழைய கணக்குதான், ஒரு படகுக்குப் பதில் ஒரு படையே கையில்.

பிறகு லிவர்பூல். டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் நிலவறையிலிருந்து அட்லாண்டிக் கப்பல் கூட்டங்களைக் காக்கும் வேலை. பகலில் கோல்ஃப் ஆடப் போய்விடுவார். ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரவில்தான் தாக்கும் என்று தெரிந்தவர், இரவில் வந்து வரைபடத்தின் முன் உட்கார்ந்துகொள்வார். வணிகக் கப்பல்களோடு ஒட்டிக்கொண்டே போகாமல், அழைத்த இடத்துக்கு விரைந்து போய் நீர்மூழ்கியைக் கடைசிவரை வேட்டையாடும் தனிக் குழுக்களை அவர் வலியுறுத்திக் கேட்டு வாங்கினார். 1943 மே மாதம் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. மே 24 அன்று ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் மற்றவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். விமானங்களும் ராடாரும் ரகசியச் செய்திகளை உடைத்தவர்களும் இதில் பங்காளிகள். ஹார்ட்டன் ஒருவரின் வெற்றியாக எழுதவேண்டாம். ஆனாலும் பெரிஸ்கோப்புக்குப் பின்னால் நின்று பழகிய ஒருவர் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உதவியது என்று நான் நம்புகிறேன்.

1945 மே 14 அன்று வடக்கு அயர்லாந்தின் லிசஹாலியில் எட்டு ஜெர்மன் நீர்மூழ்கிகள் வரிசையாக வந்து சரணடைந்தன. கரையில் நின்று அதை ஏற்றுக்கொண்டவர் ஹார்ட்டன். அவருடைய இ-9 அதற்கு ரொம்ப காலம் முன்பே போய்விட்டது. 1918 ஏப்ரலில் ஜெர்மன் படை நெருங்கியபோது, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று பால்டிக்கில் மிஞ்சியிருந்த ஏழு பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளையும் ஹெல்சின்கிக்கு வெளியே அவர்களே மூழ்கடித்துவிட்டார்கள்.

அடுத்து யாரை எடுப்பது?

ஹார்ட்டனோடு கைப்பழக்கம் வந்தபின், அவரோடு பால்டிக்கில் இருந்த இ-19 தளபதி ஃபிரான்சிஸ் குரோமியை எடுத்துப் பாருங்கள். அவரிடம் மூன்று பத்தி போதாது, நான்காவது ஒன்று வேண்டும். ரஷ்யப் புரட்சி வந்தபிறகும் அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1918 ஆகஸ்ட் 31 அன்று பெட்ரோகிராட் பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் சோவியத் ரகசியப் போலீஸ் நுழைந்தபோது மாடிப்படிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். தூதரக ஆவணம், ரஷ்ய ஆவணம், கடற்படை ஆவணம், அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சொன்னது என்று நான்கு வகைச் சாட்சிகள் உண்டு. தேதிகளை ஒரு பக்கத்தில் எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். பழைய நாட்காட்டியின் 13 நாளை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்த 1918-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் ரஷ்யா புதிய நாட்காட்டிக்கு மாறியது.